கிட்டங்கித் தெரு செல்வி

"பாண்டிசெல்வின்னு ஒருத்தி நம்ம தெருவுல இருந்ததே கிடையாது," என்றாள் மாதவி.

போனில் லிங்கேஸ்வரன் சிரித்தான். "நல்லா யோசிச்சுப் பாரு. உன் வயசு, உன் சோட்டுப் பிள்ளைன்னுல்லா நான் நெனச்சேன்."

"நான் உன் தங்கச்சி சோட்டுன்னு நெனச்சேன். அவகிட்ட கேட்டா அவளுக்கும் தெரியலையாம்."

லிங்கேஸ்வரன் சிரிப்பை நிறுத்தினான்.

தூத்துக்குடி கிட்டங்கித் தெருவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் அவர்கள். இப்போது ஆளுக்கு ஓர் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்ட மாதவிதான் எல்லாரையும் தேடிப்பிடித்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாள். 'கிட்டங்கித் தெரு, ஒரே குடும்பம்' என்று பெயரும் வைத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்தில் எல்லாரும் சந்திப்பதாக ஏற்பாடு. விட்டுப்போனவர்கள் சேரட்டும் என்று லிங்க்கை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தாள். அந்த வழியாக உள்ளே வந்தவள் பாண்டிசெல்வி.

வந்த நாளிலிருந்து அவளுடைய வாய்ஸ் மெசேஜுக்குத்தான் குரூப்பில் கிராக்கி. புயலில் கடல் தெருவுக்குள் ஏறிய அன்றைக்கு, எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் லிங்கேஸ்வரன் வீட்டு மாடியில் வரிசையாகப் படுக்கப் போட்டது. ஜமால் முகமது வீட்டு நோன்புக் கஞ்சிக்குத் தெருவே தூக்குச்சட்டியோடு போய் நின்றது. எல்லாரும் மறந்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மாதவிக்குத்தான் ஒன்று இடித்தது.

"'படுத்தீங்க', 'குடிச்சீங்க', 'ஓடுனீங்க'ன்னே சொல்லுதா. ஒரு தடவைகூட 'படுத்தோம்'னு அவ வாயில வரலை, கவனிச்சீங்களா?" என்று கணவன் நம்பியிடம் கேட்டாள்.

"அதுல என்ன இருக்கு?"

"கூட இருந்தவ அப்படிப் பேசுவாளா? யாரோ சொல்லக் கேட்டு ஒப்பிக்கா. யாரு, எந்த ஊரு, என்ன வசதின்னு எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்யப்போறாளோ. நித்தம் பேப்பர்ல வருதுல்லா."

அன்று சாயங்காலமே பாண்டிசெல்விக்குப் போன் போட்டாள்.

"எங்க வீட்டுக் கிணத்தடில என்ன இருக்கும், சொல்லுங்க பாப்போம்."

"துவைக்கிற கல்லு இருக்கும்க்கா. ஒரு மூலை உடைஞ்சிருக்கும். மனசு சரியில்லைன்னா உங்க அம்மா அதுலதான் வந்து உக்காருவாங்க. கண்ணைத் தொடைச்சிட்டுத்தான் உள்ள போவாங்க."

அம்மா அழுவாள் என்பதே மாதவிக்குத் தெரியாது.

"சரி, எங்க முன் ஹால்ல என்ன இருந்துச்சு?"

"அது தெரியாதுக்கா."

மாதவி போனை வைத்துவிட்டு நம்பி பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? கொல்லைப்பக்கம் அம்புட்டும் தெரியுது, ஹால் தெரியலை. சுவரேறிக் குதிக்கிறவளுக்குத்தான் இப்படித் தெரியும்."

அந்த நிமிஷமே பாண்டிசெல்வியைக் குரூப்பிலிருந்து நீக்கினாள். அதோடு மனசு ஆறவில்லை. அவளுடைய வாட்ஸ்அப் படத்தில் ஒரு போர்டு இருந்தது: செல்வி நைட்டி தையலகம், மம்சாபுரம்.

மறுநாள் காலையில் நம்பியின் பைக்கில் அங்கே போய் இறங்கினாள். நாலு தையல் மிஷின் போட்ட சின்னக் கடை. கழுத்தில் டேப் தொங்க ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"மாதவிக்காதானே? வாங்க, வாங்க. நேத்துல இருந்து குரூப்புல ஒரு மெசேஜையும் காணோம். எங்க ஊர்லதான் டவர் இல்லைன்னு நெனச்சேன்."

மாதவி உட்காரவில்லை. "கிட்டங்கித் தெருவுல நீ எந்த வீடு?"

"வீடெல்லாம் இல்லக்கா," என்றாள் பாண்டிசெல்வி. "எங்கம்மா பேரு பேச்சி. உங்க தெருவுல ஏழு வீட்டுக்குப் பாத்திரம் விளக்குச்சு. உங்க வீட்டுக்கும்தான். எங்க குடிசை உப்பளத்துக்கிட்ட. அம்மா வேலை முடிக்கிற வரைக்கும் நான் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலயும் நிப்பேன். நீங்க விளையாடுறதப் பாத்துக்கிட்டே நிப்பேன். அன்னைக்கெல்லாம் எனக்கு அந்த நேரந்தான்க்கா ரொம்பப் பிடிக்கும்."

மாதவி யோசித்துப் பார்த்தாள். கிணற்றடியில் பளபளவென்று கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. பேச்சியின் முகம் வரவில்லை. கூட நின்ற பிள்ளையின் முகமும் வரவில்லை.

"கடல் ஏறுன அன்னைக்கு..." என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நீ எங்க படுத்தே?"

"எங்க குடிசை போயிருச்சுல்லாக்கா. லிங்கேஸ்வரன் அண்ணன் வீட்டுக் கொல்லையில விறகு போடுற தகரக் கொட்டகை உண்டுமே, அதுக்குள்ள நானும் அம்மாவும் நின்னுக்கிட்டு இருந்தோம். இடி இடிக்கிறப்பல்லாம் பயம் தெரியாம இருக்க மாடில நீங்க எல்லாரும் சேர்ந்து பாடுனீங்க. அது கீழ வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு. அதக் கேட்டுக்கிட்டே நானும் அம்மா மேல சாஞ்சு தூங்கிட்டேன்."

வாசலில் நின்ற நம்பி பைக் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதவி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பொறவு அவள் போனை எடுத்து, பாண்டிசெல்வியைத் திரும்பக் குரூப்பில் சேர்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீ கட்டாயம் வரணும், செல்வி. வீட்டுல உள்ளவங்களையும் கூட்டிட்டு வா."

"நானா?" பாண்டிசெல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாரேன்க்கா. காலையிலயே வந்திருதேன்."

பிறகு, குத்தலாக இல்லை, தெரியாத இடத்துக்கு வழி கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அந்த மண்டபத்துக்குப் பின்வாசல் எந்தத் தெருவுலக்கா இருக்கு?"