சுத்த நீரில் தொண்ணூற்றிரண்டு

நானே காய்ச்சி வடித்த தண்ணீரில் நைட்ரேட் எங்கிருந்து வரும்? நீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பீபிஜமாலுக்கு விளங்கவில்லை. கிணற்று நீரைச் சோதிக்குமுன் கருவியில் சுத்த நீரை விட்டுப் பார்ப்பாள். அது பூஜ்யம் காட்டினால்தான் மற்ற எண்கள் செல்லும். மூன்று நாளாகத் தொண்ணூற்றிரண்டு காட்டுகிறது. ஆமு நதிக்கரையில், கும்ஜாப் கிராமத்தில், நைட்ரேட் கலந்த நீரால் இரண்டு கைக்குழந்தைகள் நீலம் பாரித்து இறந்தபின் மண்போட்டு மூடிய கிணற்றில் கடைசியாக அளந்த எண் அது. குழாய்களை மாற்றினாள், எண் மாறவில்லை. பக்கத்தில் வெட்டிய புதுக் கிணற்றின் நீர் மட்டும் பூஜ்யம் காட்டியது.

"நாளைக்குப் புதுக் கிணறு திறப்பு, தங்கச்சி. சுத்தத் தண்ணிக்கும் பூஜ்யம்னு போட்டுடு, அப்பத்தான் புதுக் கிணத்தோட பூஜ்யமும் செல்லும்," என்றார் அதிகாரி அல்லாம்பெர்கன். "மெஷினுக்குத்தான் பைத்தியம், உனக்குமா?"

"தொண்ணூத்திரெண்டுன்னு எழுதிட்டேண்ணே. மாத்த மாட்டேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாள்.