பாத்து ஏறணும் மக்கா

நெய்யாற்றின்கரையில் ஒரு பேக்கரி வாசலிலேயே பஸ் நிறுத்தம்.

"காஞ்சிரங்குளம் பஸ்சாக்கும். பாத்து ஏறணும் மக்கா."

"ம்."

"தெரியாதவிய கூப்பிட்டா போவப்பிடாது."

"போமாட்டேன்."

"ஃபோன் உண்டா?"

"உண்டு. நான் இங்கயே நிக்கேனே…"

"அது முடியாது. தனியா போணும்னு டீச்சர் சொன்னாவ இல்லியா? அழப்பிடாது."

பஸ் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள் மார்கிரெட்.

ஸ்பெஷல் ஸ்கூலில் பத்தாவது படிக்கும் அவள் மகள் ஷைனாவுக்கு அந்த பேக்கரியில் இன்று முதல் நாள் பயிற்சி. தனியாகப் பஸ்சில் போய்வர அம்மா ஒரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததை, 'மக்கா'வைக்கூட விடாமல் அம்மாவுக்கே ஒப்பித்துவிட்டாள்.

பஸ் நகர்ந்தது.

"இறங்கினதும் ஃபோன்ல விளிக்கணும் மக்கா!" என்று கத்திவிட்டு ஷைனா வேலைக்குப் போனாள்.