காந்தமும் மஞ்சள் விளக்கும்

பழைய சாமான் வாங்கும் தங்கப்பழத்தின் தள்ளுவண்டியில் ஒரு காந்தம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒட்டாதது பித்தளை. அதைத் துணியில் சுற்றி வைப்பார். ஒட்டினால் வெறும் இரும்பு. தூக்கிக் குவியலில் வீசுவார். தான் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் இப்படிப் போகிறார்களே என்று காந்தத்துக்கு ஏக்கம்.

வெயில் மயங்கிய நேரத்தில், மஞ்சளாக மினுங்கும் குத்துவிளக்கு ஒன்று வந்தது.

"அண்ணே, மேலே பூச்சுதான். உள்ளே நான் இரும்பு. இதுவரை ஒருத்தருக்கும் தெரியாது. காட்டிக் கொடுத்துடாதீங்க" என்று காந்தத்திடம் கிசுகிசுத்தது.

"பயப்படாதே தங்கச்சி, மூச்சைப் பிடிச்சுக்கிறேன்."

தங்கப்பழம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். காந்தம் கண்ணை இறுக மூடிக்கொண்டது. 'டக்'கென்று சத்தம். விளக்குதான் தாவி வந்து ஒட்டியிருந்தது.

"ஏன் தங்கச்சி?"

"உள்ளே இருக்கிற இரும்பை யாரும் இப்படிக் கூப்பிட்டதே இல்லை, அண்ணே."