கோப்பைத் தட்டு

யூதர்கள் நாங்கள். துக்கம் காப்பவன் கல்யாண இசை கேட்கக் கூடாது. ஏதாவது வேலை செய்தால் மட்டும் மண்டபத்துக்குள் இருக்கலாம். தன் தங்கையின் கல்யாணத்துக்கு நான் கட்டாயம் போக வேண்டும் என்று என் மனைவி ஹதாசா சாவதற்கு முன் கேட்டிருந்தாள். மாமனார் கண்ணாடிக் கோப்பைகள் அடுக்கிய தட்டை என்னிடம் கொடுத்தார்.

“குடுத்துக்கிட்டே இருங்க மாப்ளே. சும்மா நின்னா ரபி வெளிய அனுப்பிடுவார்.”

“காதை என்ன மாமா பண்றது?”

“யார் தண்ணி கேக்குறாங்கன்னு கேளுங்க.”

கிளாரினெட்காரர் ஹதாசா வீட்டில் முணுமுணுக்கும் மெட்டை எடுத்தார். நான் நிற்காமல் நடந்தேன். தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதித் அந்த மெட்டின் தாளம் பிசகாமல் ஒலித்தன. எங்கள் மதகுருவான ரபி திரும்பிப் பார்த்தார். நேராக என்னிடம் வந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். மற்ற கோப்பைகளின் தாளம் ஓயவில்லை.