மிச்சம் நாளைக்கு

பழைய தொலைக்காட்சி நாடகங்களை டேப்பிலிருந்து கணினிக்கு ஏற்றுவது அவள் வேலை. இந்த முறை வந்தது, அப்பாவும் அம்மாவும் சிறையில் இருக்கும் ஒரு சிறுமியின் கதை. வாரம் தவறாமல் சிறுமி சிறைவாசல் பெஞ்சில் காத்துக் கிடப்பாள். பெற்றோர் விடுதலையாகிற கடைசி டேப், பூசணம் பிடித்து என்றோ குப்பைக்குப் போய்விட்டது.

சாயங்காலம் கண் எரிய எரிய இயந்திரத்தை நிறுத்தும்போது, "மிச்சம் நாளைக்கு" என்று முனகுவது அவள் வழக்கம். அந்த அறையில் பேச்சுத்துணைக்கு வேறு யார்?

இன்று ஒரு காட்சியில் காவலர், "நேரமாச்சு பாப்பா, வீட்டுக்குப் போ" என்றார்.

சிறுமி நகரவில்லை. "நாளைக்குன்னு அக்கா தினமும் சொல்றாங்களே!"

நாடகத்தில் அக்காவே கிடையாது. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அரதப் பழசும்மா. நாலு வார்த்தை கூடக்கொறையத்தான் பேசும். முடிச்சிட்டுக் கிளம்பு" என்று கொட்டாவி விட்டுப் போனார்.

வாதாட அவளுக்கும் தெம்பில்லை. டேப் கடைசிவரை ஓடி முடிந்ததும் வெளியே எடுத்தாள். திரை இருண்டது. விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தும்போது, வாய் தன்பாட்டுக்கு "மிச்சம் நாளைக்கு" என்றது. சொன்ன பிறகுதான் உறைத்தது. மிச்சம் எதுவும் இல்லை. இன்றோடு எல்லா டேப்பும் தீர்ந்துவிட்டது.

"சரிக்கா" என்றது உள்ளிருந்து ஒரு சின்னக் குரல்.