பென்டிரைவ் வாங்கிய நல்ல பெயர்

ஒரு சட்டைக் கம்பெனிக்கு ரோட்டின் இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் டிசைன் கட்டடம். இரண்டுக்கும் நடுவே ஃபைல் சுமந்தது ஒரு பென்டிரைவ். யாரிடமும் கெட்ட பெயர் வாங்கி அதற்குப் பழக்கமில்லை.

“சட்டைக் கையைக் குறைச்சுட்டேன். இதுதானே சரி?” என்றது ஆபீஸ் கம்ப்யூட்டர்.

“சந்தேகமே இல்லைங்க!” என்றது பென்டிரைவ்.

“சட்டைக் கையை நீட்டிட்டேன். இதுதானே சரி?” என்றது டிசைன் கம்ப்யூட்டர்.

“உங்களை மிஞ்ச ஆளுண்டா?”

கட்டிங் ஷெட்டில் துணி அடுக்கடுக்காக விரிந்து கிடந்தது. தன்னில் செருகிய பென்டிரைவை வெட்டும் மெஷின் கத்தியை ஓங்கியபடி அதட்டியது: “ஒரே சட்டைக்கு ரெண்டு ஃபைல் வச்சிருக்கே! எதை வெட்டறது? சொல்லு!”

பென்டிரைவின் விளக்கு படபடவென்று துடித்தது. ஒன்றைச் சொன்னால் மற்றவருக்கு முகம் சுண்டிவிடுமே!

“ரெண்டுமே சரிதாங்க.”

“அப்போ இடது கை இது, வலது கை அது,” என்று கத்தியை இறக்கியது மெஷின்.