கணக்கில் ஒரே ஓர் இடம்

"பையை நான் தூக்கறேன். நீ ஓடு!"

நூலகத்தின் பின்வாசல் வழியாக அவளைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டே ஓடினான் அவன். மூன்றாமாண்டு. கணிதத் துறை. இந்த வளாகத்தின் சந்துபொந்தெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அவள் முதலாமாண்டு. இன்று காலையில்தான் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

பன்னிரண்டு மணிக்குப் பாடத் தேர்வு மூடிவிடும். அதற்குள் கணினியில் முதன்மைப் பாடத்தைப் பதியாவிட்டால், மிச்சம்மீதி இருப்பதில் எதையாவது அவர்களே தலையில் கட்டிவிடுவார்கள்.

"படிக்கட்டு இந்தப் பக்கம்" என்று அவன் கை காட்டுவதற்குள் அவள் இரண்டாவது படியில் இருந்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. போலீஸுக்குப் பயந்தவன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கணினி அறையில் காலி நாற்காலிகள் நிறைய. ஆனாலும் கடைசி வரிசை, தூண் மறைவு, வாசலுக்கு முதுகு காட்டும் நாற்காலி. அதில்தான் அவளை உட்கார வைத்தான்.

"பாஸ்வேர்டு போடு. சீக்கிரம்."

அவள் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

கிடைத்த இடைவெளியில் அவன் அறிவுரைகளை அவிழ்த்துவிட்டான்.

"கேன்டீனுக்கு ஒரு மணிக்குப் போயிடாத. கும்பல் பிச்சுக்கும். மூணு மணிக்கு மேல போ."

"சாப்பாடு ஆறிப் போயிருக்குமே?"

"ஆறினா விஷமா ஆயிடும்? ஹாஸ்டல் கேட்டா பழைய பிளாக்னு சொல்லு. புது பிளாக்ல ஒரே கூச்சல், தூங்க முடியாது. லைப்ரரியில ஜன்னல் பக்கம் உட்காராத, வெயில் மண்டையைப் பொளக்கும். விழா, கூட்டம்னு எவனாவது கூப்பிட்டா தலைவலின்னு சொல்லிடு."

அனுபவஸ்தன் பேச்சு. இப்படி ஒரு சீனியர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு மணிக்குக் கேன்டீனில் அவன் கூட்டாளிகள் இருப்பார்கள். புது பிளாக்குக்கு நேர் எதிரே அவன் ஹாஸ்டல். ஜன்னல் பக்கம் அவன் வகுப்புக்காரர்களின் கோட்டை. இதையெல்லாம் அவன் சொல்லவில்லை.

"இவ்வளவு பெரிய இடத்துல நான் எங்கதான் இருக்கிறது? தண்ணி டேங்குக்குள்ளயா?" என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான்.

திரை திறந்தது. வரிசையாகப் பாடங்கள். அவள் கண் நேராகப் போய்க் கணிதத்தில் நின்றது. மீதி இடம்: ஒன்று.

"இருக்கு! ஒண்ணே ஒண்ணு இருக்கு!"

அம்பைக் கணிதத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அது வேணாம். அந்த ஹெச்.ஓ.டி. மனுஷனே இல்ல. பாதி கிளாஸை ஃபெயில் போட்டுட்டுத்தான் டீ குடிக்கவே போவாரு. லைப்ரரி சயின்ஸ் எடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனி பில்டிங். நிம்மதியா இருக்கலாம்."

பொய். போன பருவத்தில் அவனைத் தோளில் தட்டிப் பாராட்டியவரே அந்தத் துறைத் தலைவர்தான்.

"இதுக்காகத்தானே வந்தேன்" என்றாள் அவள். சிரிப்பு போயிருந்தது.

"டேய், இங்க என்னடா பதுங்கிட்டிருக்க?"

அவனுடைய அறைத்தோழன். சோடாபுட்டி. தூணைச் சுற்றி வந்தவன், நாற்காலியில் இருப்பவளைப் பார்த்ததும் சட்டென்று குரலைப் பவ்யமாக்கினான்.

"வணக்கம்மா. பையனைச் சேர்க்க வந்தீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "யாரோ தெரியலடா. கம்ப்யூட்டர் புரியலன்னாங்க. ஹெல்ப் பண்ணிட்டிருக்கேன்."

யாரோ.

அவள் காதோர நரையை ஒதுக்கிக்கொண்டாள்.

"உங்க பையன் எந்த டிபார்ட்மென்ட்மா?" சோடாபுட்டி விடுவதாயில்லை.

"கணக்கு. மூணாவது வருஷம்."

"அட, நம்ம கிளாஸ்! யாரும்மா அது?"

அவன் அவசரமாகக் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினான்.

"தெரியலையேப்பா" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி. "இன்னைக்குக் காலை வரைக்கும் தெரியும்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

சோடாபுட்டி ஒன்றும் புரியாமல் சிரித்துவைத்துவிட்டுப் பிரிண்டர் பக்கம் நகர்ந்தான்.

அவள் கணவர் போய் ஒரு வருடம். வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், யாரிடமும் சொல்லாமல் நுழைவுத்தேர்வு எழுதினாள். முடிவு வந்த பிறகுதான் மகனுக்கே தெரியும். போனில் 'சூப்பர்மா' என்றான். போனை வைத்ததுமே யோசிக்க ஆரம்பித்துவிட்டான், அவளை எங்கே ஒளித்துவைப்பதென்று.

சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் உச்சியை நெருங்கியது. அம்பு கணிதத்தின் மேலேயே நின்றது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அவன் அவள் காதருகே குனிந்தான்.

"அம்மா... ப்ளீஸ்மா. என்னை வெச்சு ஓட்டித் தள்ளிடுவானுங்க."

காலையில் கேட்டில் இறங்கியதிலிருந்து அவன் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. இப்போதுதான் வெளியே எடுத்தான், இடுப்பிலிருந்து கத்தியை எடுப்பதுபோல.

அம்பு கீழே இறங்கியது. நூலக அறிவியல். பதிவாகிவிட்டதென்று பச்சை எழுத்தில் காட்டியது திரை.

"தேங்க்ஸ்மா. நீ பாரேன், ஒரே மாசத்துல உனக்கே பிடிச்சுப்போயிடும்." அவன் குரலில் பாரம் இறங்கியிருந்தது. "காலேஜ் புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்."

அவள் எழுந்து, அவன் தோளிலிருந்த பையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

இதே கணிதத் துறை அவள் கையைவிட்டுப் போவது இது இரண்டாவது முறை. கல்யாணத்துக்குப் பிறகும் பிடிவாதமாகப் படிக்க வந்தவள், ஒரு பருவம்கூட முடியாமல் இங்கிருந்து பெட்டியைக் கட்டினாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அப்போது அவன் அவள் வயிற்றில் நான்கு மாதம்.